வண்டி திரும்பாத தெருவில் ஒரு வீடு

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய சிற்றூர் ஒன்றுக்குச் சுற்றுலா போகிறோம். கல் பாவிய தெரு, சாய்ந்த கூரைகள், ஊர் நடுவே ஒரு மணிக்கூண்டு. இரண்டாம் நாள் மாலைக்குள், "இங்கேயே ஒரு வீடு பார்த்துக்கொண்டு இருந்துவிட்டால் என்ன?" என்று தோன்ற ஆரம்பித்துவிடும். அந்த ஆசை வந்தவுடன் விலையை விசாரிக்காதீர்கள். இந்த ஊர் எப்படி இடிபடாமல் தப்பியது என்று முதலில் விசாரியுங்கள்.

அழகுக்காகக் காப்பாற்றப்பட்ட ஊர்கள் குறைவு. இடித்துக் கட்டக் கையில் காசில்லாமல் போனதால் தப்பியவையே மிகுதி. பெல்ஜியத்தில் ப்ரூஜ் நகரைக் கடலோடு இணைத்த ஸ்வின் கழிமுகம் வண்டலால் தூர்ந்தது. கப்பல்களும் வணிகமும் ஆண்ட்வெர்ப்புக்கு இடம் மாறின. வியட்நாமில் ஹோய் ஆன் துறைமுகத்துக்கும் அதே கதி: ஆறு தூர்ந்தது, வணிகம் தா நாங் நகருக்குப் போனது. ஜப்பானின் த்சுமாகோ, நாகசெண்டோ நெடுஞ்சாலையில் வழிப்போக்கர் தங்கும் ஊராக இருந்தது. ரயில் பாதை வேறு வழியாகப் போனதும் ஊர் தூங்கிவிட்டது. வணிகம் கைவிட்ட காரணம் பல ஊர்களில் இன்னும் அப்படியே இருக்கும். பெரிய மருத்துவமனை தொலைவில், வேலை வேறெங்கோ, கடைசிப் பேருந்து சீக்கிரமே. பார்க்கப் போகிறவருக்கு அது நிம்மதி. குடியேறுகிறவருக்கு அதுதான் அன்றாடம்.

பார்க்க மட்டும் போவதானால் ஒரே ஒரு யோசனை சொல்கிறேன்: இரவு தங்குங்கள். ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட்டில் குடியிருப்பவர்கள் 800 பேருக்கும் குறைவு. நெரிசல் காலத்தில் ஒரே நாளில் 10,000 பேர் வரைக்கும் வந்து போகிறார்கள். பேருந்துக் கூட்டம் பத்து மணிக்கு மேல் வந்து மாலையில் கிளம்பிவிடும். விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும்தான் ஊர் ஊராக இருக்கும். இன்னொன்று, சக்கரம் வைத்த பெட்டி கல் தெருவில் உருளாது, சக்கரம்தான் உடையும். தோள்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

குடியேறுவதற்கு வருவோம். ஊர் தன் மிக மோசமான மாதத்தில் இருக்கும்போது ஒருமுறை போய்ப் பார்க்கவேண்டும். ஹோய் ஆனில் மழைக்காலத்தில் ஆறு தெருவுக்குள் வருவது வழக்கம். அங்குள்ள பழைய வணிகர் வீடுகளில் மாடித் தளத்தில் ஒரு திறப்பு வைத்திருப்பார்கள். தண்ணீர் ஏறும்போது கீழே இருக்கும் சரக்கைக் கயிறு கட்டி அதன் வழியே மேலே தூக்கிவிடுவார்கள். சுவரில் ஆண்டு வாரியாக வெள்ளம் ஏறிய உயரத்தைக் குறித்து வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. வெயில் காலத்தில் வருகிறவர் கண்ணுக்கு அந்தத் திறப்பு ஒரு வேலைப்பாடு. அது எதற்காக என்று தெரிந்துகொண்டவர்தான் வீடு வாங்கலாம்.

இனி சுவர். பழைய வீட்டில் பணம் விழுங்குவது பெரும்பாலும் சுவரின் கீழ் ஒரு மீட்டர்தான். அந்தக் காலத்துச் சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை. தரையிலிருந்து ஈரம் ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஆவியாகி வெளியேறும். இடையில் யாரோ ஒருவர், பெயர்ந்த பூச்சைச் சுரண்டிவிட்டு சிமென்ட் பூசியிருப்பார். சிமென்ட் ஈரத்தை எளிதில் வெளியே விடாது. அது உள்ளே தங்கி, இன்னும் மேலே ஏறி, சிமென்ட் முடிகிற இடத்தில் வெளிவரும். கூடவே வரும் உப்பு, துளைகளுக்குள் படிகமாகி விரியும்போது செங்கல்லின் முகமே உதிரும். கீழ்ப்பகுதியில் மட்டும் புது வண்ணம், சுவரை மறைத்த மரப்பலகை, வெண்மையாகப் பூத்த உப்பு, விரலால் தட்டினால் பொள்ளல் சத்தம்: இவற்றில் எது கண்ணில் பட்டாலும் நின்று பாருங்கள். பிறகு வெளியே வந்து தெருவைப் பாருங்கள். ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் தெரு உயர்ந்து, வீட்டுத் தரை கீழே போயிருக்கும். அந்த வீட்டில் எந்தப் பூச்சும் நிலைக்காது.

பழுது பார்ப்பதில் வரிசை முக்கியம். முதலில் கூரைத் தண்ணீர் விழும் குழாய்களும் சுவரோரத் தரைமட்டமும். அடுத்து சிமென்ட்டைப் பெயர்த்துவிட்டுக் காயவிட வேண்டும். சுவரின் கனத்தில் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது ஒரு குத்துமதிப்புக் கணக்கு. இருபது அங்குலச் சுவருக்கு ஒன்றரை வருடத்துக்கும் மேல். இந்தப் பொறுமை இல்லாமல்தான் பலர் இரண்டாம் முறை பூசுகிறார்கள். சுவர் காய்ந்த பிறகுதான் புதுப் பூச்சு: ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல், ஒரு தடவைக்குச் சுமார் 10 மில்லிமீட்டர் கனம். வெயிலும் காற்றும் நேராகப் படாமல் ஈரச்சாக்கு தொங்கவிட்டுக் காப்பாற்ற வேண்டும். வேகமாகக் காய்ந்தால் மயிரிழை வெடிப்பு விழும், பனி உறையும் காலத்தில் பூசினால் உதிரும்.

மர உத்தரத்தை நடுவில் பார்த்துப் பயனில்லை. சுவருக்குள் நுழையும் முனையில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். ஈரமானியில் 20 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சைக்கு விருந்து.

பழைய கட்டடங்களை மாற்றாமல் காக்கும் சட்டம் ஊருக்கு ஊர் மாறும். முகப்புக்கு மட்டும் பாதுகாப்பா, உள்ளே படிக்கட்டுக்கும் சேர்த்தா, ஏசியின் வெளிப்பெட்டியும் சூரியத் தகடும் வைக்கலாமா என்பதையெல்லாம் முன்பணம் கொடுப்பதற்கு முன் எழுத்தில் வாங்குங்கள். இத்தாலியில் சில சிற்றூர்கள் ஒரு யூரோவுக்கு வீடு தருவது உண்மைதான். ஆனால் பிணைத்தொகை கட்டவேண்டும், சீரமைப்புத் திட்டம் கொடுக்கவேண்டும், பெரும்பாலும் மூன்று ஆண்டுக்குள் வேலையை முடிக்கவேண்டும். வீடு மலிவு, கூரை மலிவல்ல. த்சுமாகோ மக்களோ 1971-இல் தங்களுக்குள் ஒரு சாசனம் எழுதிக்கொண்டார்கள்: விற்கமாட்டோம், வாடகைக்கு விடமாட்டோம், இடிக்கமாட்டோம். வெளியாளுக்கு அங்கே போய் வரத்தான் கொடுப்பினை!

தெருவின் அகலத்தை டேப் வைத்து அளந்துவிடுங்கள். லாரி நுழையாத சந்தில் ஒவ்வொரு மூட்டை மணலும் ஆள் தலையில்தான் வரும். பொருளைவிடத் தூக்குகூலி அதிகமாகும். படிக்கட்டு திரும்பும் முனையையும் அளங்கள், அலமாரி அங்கேதான் சிக்கும். ஆம்புலன்ஸ் எந்த மூலை வரைக்கும் வரும் என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

ஊரில் உயிர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. கூட்டமில்லாத பருவத்தில், வாரநாள் ஒன்றில், இரவு எட்டு மணிக்குத் தெருவில் நடந்து விளக்கெரியும் ஜன்னல்களை எண்ணுங்கள். பத்தில் இரண்டுதான் என்றால் மற்றவை சுற்றுலா விடுதிகளாகவோ பூட்டிய வீடுகளாகவோ இருக்கலாம். நினைவுப்பொருள் கடைகளுக்கு நடுவே ஆணியும் பல்பும் தாழ்ப்பாளும் விற்கிற ஒரு கடை இன்னும் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், உள்ளே போய் ஒரு தாழ்ப்பாள் வாங்குங்கள். யார் கூரை வேலை செய்வார், யார் சுண்ணாம்பு அறிந்தவர் என்பது அந்தக் கடைக்காரருக்குத் தெரியும்.

எல்லாம் பிடித்திருந்தாலும் முதல் வருடம் வாடகைதான், மழையும் குளிரும் உட்பட. குடிபுகுந்த அன்றே, தரையோரச் சுவரில் ஈரம் ஏறியிருக்கும் உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். மாதம் ஒரு கோடு. வீட்டுக்காரர் விலை பேச வரும்போது அந்தப் பன்னிரண்டு கோடுகளையும் வைத்துப் பேசலாம்.

நன்றி, வணக்கம்.