சொல்லிவிட்டுக் கொளுத்துங்கள்

நேயர்களுக்கு வணக்கம். வியாசர்பாடியில் நான் கால்நடை மருத்துவர். தீபாவளி நெருங்கினால், "டாக்டர், வெடிச் சத்தத்துக்கு நாய்க்கு மாத்திரை இருக்கா?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். பதில் சொல்லும் முன் என் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அப்பா ராணுவத்தில் இருந்தவர். 1987-ல் அமைதிப் படையோடு யாழ்ப்பாணம் போனார். அங்கே பார்த்ததை வீட்டில் ஒரு நாளும் பேசியதில்லை. ஆனால் தெருமுனையில் ஒரு அணுகுண்டுப் பட்டாசு வெடித்தால் போதும், சாப்பிடுகிற தட்டை விட்டுவிட்டுச் சுவரோடு முதுகை ஒட்டி உட்கார்ந்துவிடுவார். சட்டை தெப்பலாக நனைந்திருக்கும். "ஒண்ணுமில்லம்மா" என்பார். தெருவில் சிலர் சிரித்தார்கள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை. போர்க்களத்தில் உயிரைக் காப்பாற்றிய பதற்றம் அது. ஊர் திரும்பிய பிறகும் அவர் உடம்பை விட்டுப் போகவில்லை. இங்கே பக்கத்தில் புழலில், முகாமில் இருக்கும் ஈழத்துக் குடும்பங்களிலும் ஷெல் விழுந்த சத்தத்தை மறக்காதவர்கள் இருப்பார்கள்.

எங்கள் நாய் மணியும் அப்படித்தான், கட்டிலுக்கடியில் போய் நடுங்கும். சத்தத்தின் கூர்மையில் நமக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் காது கேட்கும். நாய்க்குச் சுமார் 45,000 வரை. ஆனால் சத்தத்தின் அளவைவிட, அது எப்போது வரும் என்று தெரியாததுதான் இருவரையும் ஆட்டிவைக்கிறது. தீபாவளிக்கு அரசு காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று நேரம் குறித்திருக்கிறது. அந்த நேரத்துக்கு அப்பா தயாராகிவிடுவார்: ஜன்னலைச் சாத்தி, காதில் பஞ்சு வைத்து, டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார். அவரை உடைத்துப்போடுவது நள்ளிரவில் வெடிக்கும் ஒற்றை வெடிதான். நம் பக்கத்தில் சாவு ஊர்வலத்துக்கும் வெடி, தலைவர் வந்தாலும் வெடி, கிரிக்கெட்டில் ஜெயித்தாலும் பத்தாயிரம் வாலா. அதற்கெல்லாம் நாள், நேரம் ஏது?

அதனால்தான் கேட்கிறேன். கொளுத்துவதற்கு முன்னால் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். எங்கள் எதிர்வீட்டுப் பையன் இப்போது கதவைத் தட்டி, "தாத்தா, சரம் வைக்கப் போறோம்" என்கிறான். அப்பா மணியைக் கூட்டிக்கொண்டு உள்ளறைக்குப் போய்விடுகிறார். அவன் அப்படிச் சொல்ல ஆரம்பித்த வருஷம் அப்பாவின் சட்டை நனையவில்லை. ஆனாலும் உங்கள் வீட்டில் யாருக்காவது தூக்கம் கெட்டு, பழைய நினைவுகள் விடாமல் துரத்தினால் 14416-க்குக் கூப்பிடுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

இனி மாத்திரைக்கு வருகிறேன். இருக்கிறது. ஆனால் எடையையும் இதயத்தையும் பார்த்துத்தான் எழுதித் தர முடியும். வீட்டில் பெரியவர்கள் போடும் தூக்க மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். மிரண்ட நாயைச் சங்கிலியில் கட்டவோ அதட்டவோ வேண்டாம். ஒளிந்த இடத்திலேயே இருக்கட்டும். தடவிக்கொடுத்தால் பயம் கூடிவிடாது. கழுத்துப் பட்டையில் உங்கள் போன் நம்பரை எழுதிவையுங்கள், வெடிக்கு மிரண்டு ஓடும் நாய்க்கு வீடு திரும்ப வழி தெரியாமல் போகலாம். மாத்திரை வேண்டுமென்றால் ஒரு வாரம் முன்னாடியே வாருங்கள். வணக்கம்.