ஈர நெற்றியில் பொட்டு

(டர்பன், சாட்ஸ்வர்த்தில் தமிழ் வகுப்பு ஆண்டு நாளில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, அக்கா தங்கைமாரே, வணக்கம்.

தைப்பூசக் காவடி நாளில் டர்பன் புழுக்கம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வியர்த்த நெற்றியில் ஒட்டுப் பொட்டு நிற்காது. முந்தானையால் துடைத்துவிட்டு வைத்தால் நிற்கும். நெற்றி இருக்கும் இடத்தில் நுரையீரலை வைத்துப் பாருங்கள். உடம்புக்குள் ஈரமான இடத்தில் பசையை எப்படி ஒட்டுவது? நான் பேச வந்த விஷயம் அதுதான்.

என் அப்பாவுக்கு நுரையீரலில் அறுவை சிகிச்சை நடந்தது. தையல் நன்றாகத்தான் போட்டார்கள். ஆனால் ஊசி போன இடமெல்லாம் துளைதானே? நுரையீரலோ ஒரு நாளைக்குச் சுமார் 20,000 தடவை விரிந்து சுருங்குகிறது. காற்று கசிந்துகொண்டே இருந்தது. மார்பில் குழாயோடு 9 நாள் படுத்திருந்தார். தைக்காமல் ஒட்ட முடியாதா என்று அப்போதுதான் தேட ஆரம்பித்தேன்.

பசைகள் இருக்கின்றன. சூப்பர் குளூவில் உள்ள சயனோஅக்ரிலேட்டை 1942இல் அமெரிக்க வேதியியலாளர் ஹாரி கூவர் கண்டார். வியட்நாம் போரில் காயத்தில் அதைத் தெளித்து ரத்தத்தை நிறுத்தினார்கள். தோல் காயத்துக்கென்றே செய்த ஒரு வகைக்கு 1998இல் அமெரிக்கா அனுமதி தந்தது. (வீட்டுக் குப்பியைக் காயத்தில் விட்டுவிடாதீர்கள், தயவுசெய்து.) ஆனால் காய்ந்ததும் அது விறைத்துவிடும். சிதையும்போது ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வரும். அதனால் பெரும்பாலும் வெளித்தோலோடு சரி. ரத்தம் உறையும் புரதத்தில் செய்த ஃபைப்ரின் பசையை உடம்பு ஏற்றுக்கொள்ளும், பிடிமானம் போதாது.

ஈரத்தில் ஒட்டும் வித்தை நம் கடற்கரைப் பாறையில் இருக்கும் பழுப்புச் சிப்பிக்குத் தெரியும். எத்தனை அலை அடித்தாலும் பிடியை விடாது. சிப்பி பாறையைப் பிடிக்க விடும் நாரின் நுனிப் புரதத்தில் டோப்பா என்ற அமினோ அமிலம் இருக்கிறது. பாறைமேல் உள்ள நீர்ப்படலத்தை விலக்கிக்கொண்டு பிடிக்க அது உதவுகிறது. சிப்பிப் பசையில் டோப்பா இருப்பதை 1981இல் விஞ்ஞானி ஹெர்பர்ட் வெயிட் காட்டினார்.

எனக்கு அதைவிடப் பிடித்தது, 2019இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஹியுன்வூ யுக், சுவான்ஹே ஜாவோ குழு செய்த காய்ந்த இருபக்க டேப். அதில் பாலிஅக்ரிலிக் அமிலம் இருக்கிறது. குழந்தை நேப்பியில் ஈரத்தை உறிஞ்சுகிறதே, அந்தக் குடும்பத்துப் பொருள். ஈரத் திசுவில் வைத்து அழுத்தினால் இடையில் உள்ள நீரை அதுவே குடித்துவிடும். முந்தானையும் அதுவே, பொட்டும் அதுவே! 5 நொடிக்குள் பிடித்துக்கொண்டு, திசுவின் புரதங்களோடு வேதிப் பிணைப்பும் போடுகிறது. நீர் குடித்து ஜெல்லாகிவிடுவதால் நுரையீரல் விரியும்போது தானும் விரிகிறது. கூடச் சேர்ப்பது ஜெலட்டின், அல்லது இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான். ஜெலட்டின் சீக்கிரம் கரையும், கைட்டோசான் அதிக நாள் தாங்கும். பன்றியின் நுரையீரலில் ஒட்டிப் பார்த்தபோது காற்று கசியவில்லை. அதைப் படித்த அன்று அப்பாவின் குழாய்தான் கண்முன் வந்தது.

"தப்பான இடத்துல ஒட்டிட்டா?" என்று முன்வரிசையில் ஓர் ஆயா கேட்டார். அறுவை மருத்துவர்கள் கேட்கும் கேள்வியும் அதுதான். 2020இல் அதே குழு, நம் உடம்பிலேயே இருக்கும் குளுட்டாதியோன் என்ற பொருளும் சோடா உப்பும் கலந்த கரைசலை ஊற்றினால் திசுவைக் கிழிக்காமல் கழன்று வரும் டேப்பைச் செய்துகாட்டியது.

"சமையலுக்குப் போடுற சோடா உப்பா?"

அதேதான், ஆயா.