எந்த வெள்ளரி, எந்த மாதம்?

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டுத் தோட்டம் போடுகிறவர்களிடம் வெள்ளரியைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் ஒரே புகார்தான் வருகிறது. கொடி நன்றாக ஓடியது, மஞ்சள் பூ கொட்டிக் கிடந்தது, காய் மட்டும் நிற்கவில்லை என்பார்கள். பஞ்சகவ்யம் தெளித்தோம், தேங்காய்ப்பாலும் மோரும் புளிக்கவைத்த தேமோர்க் கரைசல் தெளித்தோம், வேப்பம்பிண்ணாக்கு போட்டோம் என்று அடுத்து ஒரு பட்டியல் வரும். சரி, என்ன ரகம், எந்த மாதம் விதைத்தீர்கள் என்று கேட்டால், விதை உறையில் இருந்த படத்தை வர்ணிப்பார்கள். வெள்ளரியில் பாதிக்கு மேல் விதை வாங்கும்போதே முடிவாகிவிடுகிறது என்பது என் கட்சி. ஆகவே உரத்தைப் பற்றி இன்று குறைவாகத்தான் பேசப்போகிறேன்.

முதலில், காயை என்ன செய்யப்போகிறீர்கள்? பச்சையாகக் கடித்துத் தின்னவா, சாம்பாரில் போடவா, பழமாக்கிச் சர்க்கரை தூவிச் சாப்பிடவா? மூன்றுக்கும் மூன்று செடிகள் வேண்டும். கோடையில் சாலையோரம் குவித்து விற்கிறார்களே, தோல் தானாக வெடித்து மாவாகப் பிளக்கும் வெள்ளரிப்பழம், அது முலாம்பழத்தின் உறவு. ஆந்திரத்துத் தோசக்காயும், கேரளத்தில் விஷு அன்று கணியில் வைக்கும் பொன்னிற வெள்ளரியும் அந்தக் குடும்பம்தான். நாம் வட்டமாக நறுக்கித் தயிரில் போடும் வெள்ளரி வேறு இனம். இதன் உயிரணுவில் 14 குரோமோசோம்கள். முலாம்பழக் கூட்டத்துக்கு 24. பக்கத்தில் பக்கத்தில் வளர்ந்தாலும் இரண்டும் கலக்காது. தயிர்ப்பச்சடி வெள்ளரியைக் கொடியிலேயே விட்டுவைத்தால் வெள்ளரிப்பழம் கிடைக்கும் என்று காத்திருப்பவர்கள் உண்டு. கிடைப்பது மஞ்சளித்துத் தடித்த, புளிப்பேறிய ஒரு காய்.

சாம்பாருக்கும் கூட்டுக்கும் வேண்டுமென்றால் கணி வெள்ளரியைத் தாராளமாகப் போடலாம். கேரள வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட முடிக்கோடு, சௌபாக்யா, அருணிமா ஆகிய ரகங்கள் இந்த வகை. வெயிலை நன்றாகத் தாங்கும். முற்றிய காயைச் சமையலறை மூலையில் வைத்து நாள் கணக்கில் எடுத்துச் சமைக்கலாம். எனக்கு இதன்மேல் ஒரு சாய்வு உண்டு, மறைக்கவில்லை.

பச்சையாகத் தின்னும் வெள்ளரிக்கு வருவோம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 1, அமெரிக்காவிலிருந்து வந்து நம் நாட்டில் நிலைத்துவிட்ட பாயின்செட், ஸ்ட்ரெயிட் எயிட், பிறகு ஜப்பானீஸ் லாங் கிரீன் ஆகியவை விதைக் கடைகளில் அடிக்கடி காதில் விழும் பெயர்கள். ஸ்ட்ரெயிட் எயிட் பழைய சரக்கு. 1935ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் பரிசு வாங்கிய ரகம். நேராக, சுமார் எட்டு அங்குலம் வரும். ஜப்பானீஸ் லாங் கிரீன் ஒரு முழ நீளத்துக்குக் காய்த்துப் படத்தில் ஆளை மயக்கும். ஆனால் அது குளிர்ப் பகுதிக்கு உரிய ரகம். ஏற்காட்டிலோ கொடைக்கானலின் கீழ்ச்சரிவிலோ இருப்பவர்கள் ஆசைப்படலாம். வேலூர் மாடியில் இருப்பவர்கள் அதன் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. சமவெளியில் புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது பாயின்செட். கரும்பச்சைக் காய். இலையில் மஞ்சள் கட்டம் விழவைக்கும் அடிச்சாம்பல் நோய், வெண்பொடி படியவைக்கும் சாம்பல் நோய் இரண்டையும் ஓரளவு தாங்கும்படி உருவாக்கிய ரகம். மழை முடிந்த ஈரக்காற்றில் அந்தத் தாங்கும் திறன்தான் கொடியைக் காப்பாற்றும்.

உங்கள் ஊரில் யாரிடமாவது நாட்டு வெள்ளரி விதை இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஏரி வற்றியதும் படுகையில் போடும் வெள்ளரிக்கு அந்த மண்ணும் வெயிலும் பழகியிருக்கும். குட்டையான, வெளிர்பச்சைப் பிஞ்சுதான் வரும்; கடையில் பளபளக்கும் காயின் அழகு இருக்காது. பிஞ்சிலேயே பறித்து மிளகாய்த்தூளும் உப்பும் தொட்டுத் தின்ன அதைவிட வேறு இல்லை.

இனி, பிஞ்சு உதிர்வது ஏன் என்ற கேள்வி. வெள்ளரிக் கொடியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. பெண் பூவின் அடியில் சின்னஞ்சிறு பிஞ்சு ஒட்டியிருக்கும். ஆண் பூவுக்கு வெறும் காம்பு. முதல் ஒரு வாரம், பத்து நாள் ஆண் பூக்களாகவே வந்து விழும். அதில் கவலைப்பட ஒன்றும் இல்லை. பெண் பூ வந்தபிறகும் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்தால் மகரந்தம் போய்ச் சேரவில்லை என்று பொருள். தேனீ செய்ய வேண்டிய வேலையைத் தேமோர் செய்யாது. காலை எட்டு மணி வாக்கில் கொடியருகே சிறிது நேரம் நின்று பாருங்கள். தேனீ வருகிறதா? பக்கத்தில் முருங்கை பூத்திருந்தாலும் துளசி பூவிட்டிருந்தாலும் வரும். வரவில்லையென்றால் அன்று மலர்ந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவுங்கள். பூ ஒரு நாளுக்குத்தான். மறுநாள் தடவிப் பயனில்லை. மகரந்தம் அரைகுறையாகச் சேர்ந்தால் காய் ஒருபக்கம் பருத்து மறுபக்கம் சூம்பி வளையும்.

அடுக்குமாடியின் பத்தாவது தளத்தில் வலை கட்டிய பால்கனிதான் உங்கள் தோட்டம் என்றால் கதை வேறு. மகரந்தமே இல்லாமல் விதையின்றிக் காய்க்கும் ரகங்கள் இருக்கின்றன. டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பூசா விதையில்லா வெள்ளரி 6 அப்படிப்பட்டது. பசுமைக்குடில்காரர்கள் போடும் வழவழப்பான நீளக் காய்களும் இந்த வகைதான். விதை ஒவ்வொன்றுக்கும் விலை வைத்து விற்பார்கள். தேனீ தாராளமாக வரும் திறந்த மாடியில் அதைப் போடுவது வீண் செலவு. அங்கே தேனீ வந்து போனால் அந்த விதையில்லாக் காயிலும் விதை பிடித்துவிடும், காயும் கோணலாகும்.

மாதத்தைப் பற்றிச் சொல்கிறேன். பகல் நீண்டு வெயில் ஏறும்போது கொடியில் ஆண் பூ பெருகும். பகல் குறுகி இரவு குளிர்ந்தால் பெண் பூ பெருகும். வெள்ளரியின் சுபாவம் அது. ஜூனிலும், ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலும் விதைக்கலாம் என்பது பல்கலைக்கழகப் பரிந்துரை. வயலுக்கு அது சரி. கான்கிரீட் மாடிக்கு ஏப்ரல் வேண்டாம் என்பேன். பூக்கும் நேரத்தில் அக்கினி நட்சத்திரம் வந்துவிடும். பொங்கல் கழிந்த கையோடு விதைத்தால் மாசி கடைசியில் பறிக்கத் தொடங்கலாம், கோடை முற்றுவதற்குள் நல்ல காய்ப்பை முடித்துவிடலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் விதைப்பவர்கள் இலை இலையாக மஞ்சள் கட்டம் விழுவதைப் பார்க்கத் தயாராக இருக்க வேண்டும்.

வளர்க்கும் முறை பெரிய வித்தை இல்லை. பிடுங்கி நட்டால் வெள்ளரி வேர் கோபித்துக்கொள்ளும். நேரடியாக விதையுங்கள், அல்லது காகிதக் கோப்பையில் முளைக்கவைத்துக் கோப்பையோடு இறக்குங்கள். மண், மட்கிய தொழு உரம், தென்னைநார்க் கழிவு கலந்த பெரிய பைக்கு ஒரு கொடி போதும், மிஞ்சினால் இரண்டு. பந்தலோ வலையோ கட்டி மேலே ஏற்றுங்கள். தொங்கும் காய் நேராக வளரும், தரையில் கிடந்து அழுகாது. விதைத்து ஏழு வாரம் வாக்கில் முதல் காய். அதன்பின் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தே ஆக வேண்டும். இலைக்கடியில் ஒளிந்து ஒரு காய் முற்றிவிட்டால் கொடி தன் கடமை முடிந்தது என்று அடுத்த பிஞ்சைக் கைவிடும்.

கசப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பக்கத்தில் பாகற்கொடி இருந்ததால் கசந்தது என்று சொல்வதை விட்டுவிடுங்கள். காயின் சதை தாய்க்கொடியின் சொத்து. பக்கத்துக் கொடியின் மகரந்தம் அதன் சுவையை மாற்றாது. கொடிக்குள் குக்குர்பிட்டாசின் என்ற கசப்புப் பொருள் இயல்பாகவே உண்டு. ஒருநாள் காயவிட்டு மறுநாள் குடம் குடமாக ஊற்றினால், வெயிலும் சேர்ந்தால், அது காய்க்குள் ஏறும். காம்புப் பக்கமும் தோலடியும்தான் அதிகம் கசக்கும். அந்த முனையைத் தாராளமாக வெட்டி எறியுங்கள். அதற்கப்புறமும் நாக்கைச் சுளிக்கவைக்கும் கசப்பு இருந்தால் தின்ன வேண்டாம், வயிற்றைப் புரட்டிவிடும். பைமேல் காய்ந்த சருகைப் பரப்பி, கோடையில் காலை மாலை இருவேளையும் அளவாக நீர் விட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

பூச்சிகளில் இரண்டைச் சொல்கிறேன். முளைத்த முதல் இரண்டு இலையைச் சல்லடையாக்குவது சிவப்புப் பூசணி வண்டு. காலையில் மந்தமாக இருக்கும்போது கையாலேயே பிடிக்கலாம். பழ ஈ பிஞ்சுக்குள் முட்டையிடும். குத்திய இடத்தில் பிசின் வடியும், பிஞ்சு வளையும், உள்ளே புழு நெளியும். அப்படிப்பட்ட பிஞ்சை உரக்குழியில் எறிவது ஈயை நாமே வளர்ப்பது. பாலித்தீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் போடுங்கள். மற்ற காய்கறிக்குத் தூவுகிற கந்தகத் தூளையும் தாமிரத் தூளையும் இந்தக் கொடியில் தூவாதீர்கள். வெள்ளரி இலை கருகும்.

கடைசியாக, விதை எடுப்பது. வீரிய ஒட்டு ரகமென்றால் அந்த எண்ணமே வேண்டாம், பிள்ளைச்செடி தாயைப்போல வராது. பாயின்செட்டோ நாட்டு விதையோ என்றால், பறிப்பு ஓயும் காலத்தில் நல்ல கொடியில் ஒரு காயை மட்டும் மஞ்சளித்துப் பழுக்க விடுங்கள். சதையோடு விதையை வழித்து ஓரிரு நாள் புளிக்கவைத்து அலசினால் நல்ல விதை அடியில் தங்கும். நிழலில் உலர்த்துங்கள். வீட்டில் இரண்டு ரக வெள்ளரி இருந்தால் தேனீ கலந்துவிடும்; முந்தின மாலையே மலரப்போகும் ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் நூலால் கட்டிவைத்து, காலையில் அவிழ்த்து மகரந்தம் தடவி, பெண் பூவை மறுபடி கட்டிவிடுங்கள். எந்தக் காயென்று பிறகு குழம்பாமல் இருக்க, காம்பில் ஒரு சிவப்பு நூலையும் சுற்றிவிடுங்கள். வீட்டில் யாராவது பச்சடிக்குப் பறித்துவிடப்போகிறார்கள்.

வணக்கம்.