சொல்வளம் பெருகுகிறது!

நடுவர் அவர்களுக்கும், இரு அணியினருக்கும், கோவில்பட்டி மக்களுக்கும் வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

"இன்றைய தலைமுறையின் பேச்சில் சொல்வளம் பெருகுகிறதா, அருகுகிறதா?" இதுதான் தலைப்பு. பெருகுகிறது என்பது எங்கள் அணி. எனக்கு முன்னால் பேசிய எதிரணிப் பேராசிரியர் ஐயா என்ன சொன்னார்? "செம, கெத்து, மொக்கை, கலாய். இந்த நாலு சொல்லை வைத்துக்கொண்டே இந்தக் காலத்துப் பிள்ளைகள் மொத்த வாழ்க்கையையும் ஓட்டிவிடுவார்கள். அதிலும் கலாய் என்று ஒரு சொல்! அது எந்த அகராதியில் இருக்கிறது? அந்த அம்மா வந்து பதில் சொல்லட்டும்" என்று என் பக்கம் கையை நீட்டிவிட்டு உட்கார்ந்தார். நீங்களும் நன்றாகக் கைதட்டினீர்கள். தட்டின கை தட்டினபடியே இருக்கட்டும், கொஞ்ச நேரத்தில் எனக்கும் வேண்டும்.

சொல்கிறேன் ஐயா. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 தொடங்கி 1936 வரை ஆறு பெரிய தொகுதிகளாகத் தமிழ் லெக்சிகன் வெளியிட்டது. வையாபுரிப்பிள்ளை பதிப்பாசிரியராக இருந்து முடித்துக்கொடுத்த அகராதி. அதில் 'க' வரிசையைப் புரட்டுங்கள். 'கலாய்த்தல்' அங்கே இருக்கிறது. கோபித்தல், கலகம் செய்தல் என்று பொருள் போட்டிருக்கிறது. கலாம் என்றால் சண்டை, கலாய்த்தல் என்றால் சண்டைக்குப் போதல். நம் பாட்டன் பூட்டன் காலத்துச் சொல் அது. நடுவில் கொஞ்ச காலம் யாரும் கண்டுகொள்ளாமல் ஏட்டிலேயே கிடந்தது. இப்போது பத்தாம் வகுப்புப் பையன் பேச்சில் அது புழங்குகிறது. பழைய கலாயில் கோபம் இருந்தது, இவர்கள் கலாயில் சிரிப்பு இருக்கிறது. சண்டைக்கான சொல்லைச் சிரிப்புக்கான சொல்லாக மாற்றியிருக்கிறார்கள் நம் பிள்ளைகள். இதைப் போய்க் குற்றம் என்று சொல்லலாமா?

ஐயாவை நான் விடப்போவதில்லை. பேச ஆரம்பிக்கும்போது அவர் சொன்ன முதல் வாக்கியம் என்ன? "நடுவர் அவர்கள் பிரமாதமாகத் தொடங்கிவைத்தார்கள்." வடமொழியில் பிரமாதம் என்றால் கவனக்குறைவு, தவறு. நடுவர் அவர்களே, உங்கள் முகத்துக்கு நேரே "தப்பும் தவறுமாகத் தொடங்கிவைத்தார்" என்று சொல்லியிருக்கிறார், நீங்களும் சிரித்துக்கொண்டே தலையாட்டியிருக்கிறீர்கள்! அட்டகாசம் என்றாரே, அதுவும் மூலத்தில் பெருஞ்சிரிப்பு. யாரோ ஒரு தலைமுறை, அன்றைய இளவட்டம், அந்தச் சொற்களை இழுத்து வளைத்துப் பாராட்டுச் சொல்லாக்கிவிட்டது. அன்றைக்கும் ஒரு பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து, "பிரமாதமாம் பிரமாதம், அர்த்தம் தெரியாத பயல்கள்" என்று திட்டித்தான் இருப்பார்.

நான் தமிழாசிரியை. வகுப்பில் புதிதாக ஒரு சொல் காதில் விழுந்தால் டைரியின் பின்பக்கத்தில் குறித்து வைத்துக்கொள்வேன். பாராட்டுவதற்கு மட்டும் நம்மிடம் எத்தனை சொல் வந்து போயிருக்கிறது பாருங்கள். பேஷ், பலே, சபாஷ், ஜோர், அட்டகாசம், சூப்பர், செம, மாஸ், வேற லெவல். ஒரு பாராட்டுச் சொல் அதிகம் புழங்கினால் அதன் சூடு ஆறிவிடுகிறது. உடனே இன்னொன்றைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் அதைச் சலிக்காமல் பிடிக்கிறார்கள். போன வருடம் எங்கள் வகுப்பில் உச்சத்தில் இருந்த சொல்லை இந்த வருடம் யாராவது சொன்னால் "பூமர்" என்கிறார்கள். அந்த பூமரையும் குறித்து வைத்திருக்கிறேன்.

அப்புறம், இந்த நாலு சொல் விவகாரம். நடுவர் அவர்களே, எங்கள் தெருவில் நடந்த ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும்.

எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சிக்கு ஒரே பேரன். கோயம்புத்தூரில் இன்ஜினீயரிங் படிக்கிறான். ஒருநாள் இரவு எட்டு மணி இருக்கும். போன் வருகிறது. "ஆச்சி! இன்னைக்கு காலேஜ்ல தரமான சம்பவம்!" அவ்வளவுதான், லைன் கட்.

ஆச்சிக்கு வேர்த்துவிட்டது. ஏன்? ஆச்சி தினமும் பேப்பர் படிக்கிறவர். பேப்பரில் சம்பவம் என்றால் என்ன? "போலீசார் சம்பவ இடத்துக்கு விரைந்தனர்." "சம்பவ இடத்திலேயே பலி." நல்ல காரியத்துக்கு யாராவது சம்பவம் என்று எழுதிப் பார்த்திருக்கிறோமா? "ஏ, எம்பேரன் காலேஜ்ல சம்பவமாம்!" என்று ஆச்சி வாசலில் வந்து நின்று ஒரு சத்தம் போட்டார். தெருவே கூடிவிட்டது.

திரும்பப் போன் போட்டார்கள். பேரன் எடுக்கவில்லை, அவன் கூட்டாளி எடுத்தான். ஸ்பீக்கரில் போட்டு, ஆச்சி பதறிப்போய்க் கேட்கிறார், "ஏய்யா, எம்புள்ள எங்கய்யா?" அவன் சொல்கிறான், "பாட்டி, அவனைத் தூக்கிட்டாங்க பாட்டி!"

தூக்கிட்டாங்க! ஆச்சிக்குத் தெரிந்து இரண்டே பேர்தான் ஆளைத் தூக்குவார்கள். ஒன்று போலீஸ், இன்னொன்று... வேண்டாம், அதை நான் வாயால் சொல்லவில்லை. ஆச்சி நடுவாசலில் உட்கார்ந்துவிட்டார். ஒருத்தி தண்ணீர் கொண்டு ஓடிவருகிறாள். மாமா ஒருவர், "என்ன தம்பி நடந்துச்சு, வெவரமாச் சொல்லு" என்று போனை வாங்குகிறார். அவன் உற்சாகத்தில் கத்துகிறான், "அண்ணா, எதிர் டீமை வெச்சு செஞ்சுட்டான்ணா! பொளந்துட்டான்! ஒருத்தனும் எந்திரிக்கல!"

மாமா போனை மெதுவாகக் கீழே வைத்தார். "ஆச்சி, நல்ல வக்கீலாப் பாக்கணும்" என்றார்.

வக்கீல் வீட்டுக்குப் போக பைக்கை எடுத்துவிட்டார்கள் ஐயா! தெரு முனை தாண்டுவதற்குள் பேரனே பேசிவிட்டான். சம்பவம் என்ன? மாநில அளவில் கல்லூரிகளுக்கு இடையே பேச்சுப் போட்டி. தலைப்பு திருக்குறள். நம் பையன் முதல் பரிசு. எதிர் டீம் வாதத்தைத்தான் பொளந்திருக்கிறான். அவனைத் தூக்கினது தோளில். ஒருத்தனும் எழுந்திருக்கவில்லை என்றால், பதில் சொல்ல ஒருத்தனும் எழுந்திருக்கவில்லை!

எதிரணி ஐயா, நீங்கள் சொன்ன அந்த நாலு சொல்காரப் பையன் இவன்தான். திருக்குறளைப் பேசி ஜெயித்துவிட்டு வந்து, அதைச் 'சம்பவம்' என்று சொல்லத் தெரிந்த பையன். மேடைக்கு ஒரு தமிழ், கூட்டாளிக்கு ஒரு தமிழ், ஆச்சிக்கு ஒரு தமிழ். ஆச்சிக்கான தமிழில் அன்றைக்குக் கொஞ்சம் சறுக்கிவிட்டான், அவ்வளவுதான்.

கதை இதோடு முடியவில்லை. அந்தத் தீபாவளிக்கு அவன் ஊருக்கு வந்தான். விடியற்காலை ஆச்சி அடுப்படியில் நிற்கிறார். கறிக்குழம்பு கொதிக்கிற வாசம் நாலு வீடு தாண்டி வருகிறது. பால்காரர் வாசலில் நின்று மூக்கை இழுத்துக்கொண்டு, "என்ன ஆச்சி, வாசம் ஆளைத் தூக்குது?" என்கிறார். ஆச்சி கரண்டியோடு எட்டிப் பார்த்துச் சொல்கிறார், "பின்ன? இன்னைக்கு நம்ம வீட்ல சம்பவம்ல!"

எழுபது வயதுக்கு மேல் ஆச்சி ஒரு சொல்லுக்குப் புதுப்பொருள் கற்றுக்கொண்டார். இதற்குப் பெயர் பெருகுவதா, அருகுவதா?

ஆச்சியும் சும்மா வாங்கிக்கொள்ளவில்லை, திருப்பிக் கொடுத்தார். குழம்பு, ரசத்துக்குத் தொட்டுக்கொள்வதை நம் பக்கம் வெஞ்சனம் என்போமே, அந்தச் சொல்லைப் பேரன் ஹாஸ்டலுக்குக் கொண்டுபோய்விட்டான். இப்போது சென்னைப் பையனும் சேலத்துப் பையனும் மெஸ்ஸில் வரிசையில் நின்றுகொண்டு, "மச்சி, இன்னைக்கு என்ன வெஞ்சனம்?" என்று கேட்கிறார்களாம். சென்னையில் பிறந்த பிள்ளையின் வாயில் கரிசல் சொல்! எனக்கு அதைக் கேட்டபோது உடம்பே சிலிர்த்துவிட்டது. அந்த வெஞ்சனமும் வடமொழி வியஞ்சனத்திலிருந்து வந்ததுதான். நம் ஆச்சிமார் சமையல்கட்டில் வாழ்ந்து வாழ்ந்து அது நம்முடையதாகிவிட்டது.

துட்டு என்கிறோம். அது டச்சுக்காரன் காசின் பெயர். 1658-இல் பக்கத்துத் தூத்துக்குடியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தவன் அவன். அவன் ஆட்சி போய்விட்டது, அவன் காசு செல்லாமல் போய்விட்டது, துட்டு மட்டும் நம் மடியிலேயே தங்கிவிட்டது. சாவியும் ஜன்னலும் அலமாரியும் போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தவை. இவை எல்லாம் வந்து தமிழ் அழிந்தா போய்விட்டது? தொல்காப்பியர் திசைச்சொல்லுக்கும் வடசொல்லுக்கும் இடம் கொடுத்துவிட்டு, "கடிசொல் இல்லைக் காலத்துப் படினே" என்றும் எழுதிவைத்திருக்கிறார். காலத்தோடு வழக்கில் வந்துவிட்ட சொல்லை விலக்காதே என்கிறார். எதிரணி ஐயா கண்டிப்பாகப் படித்திருப்பார். இன்றைக்கு வசதிக்காக மறந்திருக்கிறார்.

இந்தப் பட்டிமன்ற நோட்டீஸையே எடுங்கள். தலைமை, உரை, நன்றியுரை என்று அச்சடித்திருக்கிறார்கள். 1930-இல் இதே ஊரில் இதே கூட்டம் போட்டிருந்தால் நடுவருக்கு மேலே 'அக்கிராசனர்' என்று இருக்கும். நான் செய்வது 'பிரசங்கம்'. கடைசியில் 'வந்தனோபசாரம்'. வேட்பாளருக்கு 'அபேட்சகர்', பல்கலைக்கழகத்துக்கு 'சர்வகலாசாலை'. இருபது முப்பது வருடத்துக்குள் அத்தனையும் மாறிப்போனது. மாற்றியவர்கள் அன்றைய இளைஞர்கள். இணையம் என்ற சொல்லை உண்டாக்கித் தந்தவர் சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி. இன்றைக்கு அது இல்லாமல் ஒரு நாள் செய்தி வாசிக்க முடியுமா?

சொல்லைத் தேடிப் பொறுக்கி வைத்த ஊர்க்காரர்கள் நாம். இதோ பக்கத்தில் இடைசெவல். எழுத்தாளர் கி. ராஜநாராயணன், நம் கி.ரா., அங்கே உட்கார்ந்து சம்சாரிகளின், அதாவது விவசாயிகளின், வாயிலிருந்து சொற்களைச் சேர்த்து, 1982-இல் வட்டார வழக்குச் சொல்லகராதி கொண்டுவந்தார். அப்போதும் சொன்னார்கள், கொச்சைக்கெல்லாம் அகராதியா என்று. இன்றைக்கு அதை வைத்து ஆராய்ச்சி நடக்கிறது.

மணி அடித்துவிட்டீர்கள். இரண்டே நிமிடம் நடுவர் அவர்களே. இதைச் சொல்லாமல் இறங்க எனக்கு மனம் வரவில்லை.

எனக்கு ஓர் அண்ணன். சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. எங்கள் தெருவில் அவனுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு சொல்தான் அவன் பெயர். அது என்ன சொல் என்று உங்களுக்குத் தெரியும், இந்த மேடையில் நான் அதைச் சொல்லமாட்டேன். மளிகைக்கடையில் அதைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் அதைச் சொல்லித்தான் "இங்கிட்டு உக்காரு" என்பார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை, அவர்களிடம் வேறு சொல் இல்லை. அவனும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பான். அம்மா மட்டும் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

2010-ஐ ஒட்டி அரசுக் காகிதங்களில் ஒரு சொல் வந்தது. மாற்றுத்திறனாளி. பேருந்து இருக்கைக்கு மேலே எழுதினார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் படித்தார்கள். நீளமான சொல், பேச்சில் எங்கே நிற்கப்போகிறது என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

போன ஆடியில் அண்ணனைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் மதுரைக்குப் போனேன். நல்ல கூட்டம். காலேஜ் பிள்ளை ஒருத்தி, காதில் வயர், கையில் போன், பக்கத்துப் பிள்ளையிடம் செம, மொக்கை என்று பேசிக்கொண்டே வந்தவள். அண்ணனைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து, முன்னால் உட்கார்ந்திருந்த ஆளிடம், "அண்ணே, இது மாற்றுத்திறனாளி சீட்டு, சார் உட்காரணும்" என்றாள்.

சார்! நடுவர் அவர்களே, என் அண்ணனை அந்த வண்டியில் ஒருவர் சார் என்றார். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதன், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அருப்புக்கோட்டை வரை வாயே திறக்கவில்லை. அப்புறம் என்னிடம் மெதுவாகக் கேட்டான், "அம்மா இருந்திருந்தா கேட்டிருப்பால்ல?"

எதிரணி ஐயா, அந்தப் பிள்ளைக்கு நாலு சொல்தான் தெரியும் என்று இன்னொரு தடவை சொல்லாதீர்கள். எங்கள் அம்மா ஆயுள் முழுக்கக் காத்துக்கிடந்த சொல் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தீர்ப்பு உங்கள் கையில் இருக்கிறது நடுவர் அவர்களே, பெருகுகிறது என்றே சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.