என் கண் தோற்ற ராத்திரி

பிள்ளைகளே, "எங்கள் காலத்து நர்சிங் மாதிரி வருமா" என்று நான் பேசுவேன் என எதிர்பார்த்து வந்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். 1984-ல் வேலைக்குச் சேர்ந்தவள் நான். கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைப்போம். ஊசி மழுங்கினால் கல்லில் தீட்டி, பஞ்சில் குத்தி இழுத்துப் பார்ப்போம். பஞ்சு இழை ஒட்டிக்கொண்டு வந்தால் மறுபடியும் தீட்ட வேண்டும். அந்த ஊசியைப் போட்டுக்கொண்ட குழந்தைகளிடம் கேளுங்கள், பழைய காலத்தின் பெருமையைச் சொல்வார்கள்! 1986-ல் சென்னையில்தான் இந்தியாவிலேயே முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது. அந்தப் பயத்துக்கு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக டிஸ்போசபிள் ஊசி வந்தது. பிழைத்தோம்.

சலைனும் அப்படித்தான். மில்லிக்கு 20 சொட்டு விழும் செட்டில், 500 மில்லி எட்டு மணி நேரத்தில் ஏற வேண்டுமானால் நிமிஷத்துக்கு 21 சொட்டு. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணுவோம். நோயாளி கையை மடக்கினால் கணக்கு போச்சு. இன்று பம்ப் பார்த்துக்கொள்கிறது.

பல்ஸ் ஆக்சிமீட்டரிடம் மட்டும் எனக்கு ஒரு சண்டை இருந்தது. ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அவோயாகி 1970-களில் கண்ட வழி அது. விரலுக்குள் ஒளியைச் செலுத்தி ரத்தத்தின் ஆக்சிஜனைச் சொல்லும். விரல் ஜில்லிட்டிருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ தப்பாகவும் காட்டும். "மெஷினைப் பார்க்காதே, ஆளைப் பார்" என்று ஜூனியர்களை அதட்டியே பழகிவிட்டேன்.

2020, கொரோனா வார்டு. ராத்திரி டியூட்டி. ஓர் ஆட்டோக்காரர் கட்டிலில் உட்கார்ந்து, வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் வந்ததா என்று போனில் கேட்டுக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கவில்லை, பேச்சு தடுமாறவில்லை. ஆக்சிமீட்டர் 76 காட்டியது; நன்றாக இருப்பவருக்கு 95-க்கு மேல் காட்ட வேண்டிய எண் அது. எனக்குச் சிரிப்புதான் வந்தது. விரலைத் தேய்த்துச் சூடாக்கினேன், 76. வேறு விரல், 76. வேறு மெஷின், 77. நாடி பிடிக்கலாம் என்றால் இரண்டு கையுறைக்கு மேல் என்ன தெரியும்? முகக்கவசத்துக்குள் என் கண்ணாடி வேறு பனித்திருந்தது. இப்படியே பத்து நிமிஷத்தை வீணாக்கிவிட்டேன். ரத்தத்தை எடுத்துப் பார்த்தபோது மெஷின் சொன்னதே சரி. அந்த நோயில் சிலருக்கு மூச்சுத் திணறலே இல்லாமல் ஆக்சிஜன் இறங்கும் என்பதைப் படித்திருந்தேன்தான். என் முன்னால் உட்கார்ந்து பேசியபோது அடையாளம் தெரியவில்லை.

ஆக்சிஜன் வைத்துக் குப்புறப் படுக்கச் சொன்னோம். "நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு சிஸ்டர்?" என்றார். மெஷினைத் திருப்பிக் காட்டினேன். எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். போனை மட்டும் கையிலிருந்து விடாமல், சிலிண்டர் கதையைத் தொடர்ந்துகொண்டே திரும்பிப் படுத்தார்.