65 நோய்களா, 9 நோய்களா? அமெரிக்காவின் ஸ்டெம் செல் சண்டை

[திரையில்: வெள்ளை மாளிகை, 2006 ஜூலை 19]

ஜார்ஜ் புஷ் அதிபராகி ஐந்தரை ஆண்டு ஆகியும் ஒரு மசோதாவைக்கூட வீட்டோ செய்ததில்லை. அன்றுதான் முதல் முறை: கரு ஸ்டெம் செல் ஆய்வுக்கு அரசுப் பணத்தைக் கூட்டச் சொன்ன மசோதாவை நிறுத்தினார். மேடையில் அவரைச் சுற்றிக் குழந்தைகளோடு பெற்றோர்கள். கருத்தரிப்பு மையங்களில் மிச்சமாகி உறைய வைக்கப்பட்டிருந்த கருக்களை வேறு தம்பதிகள் தத்தெடுத்துப் பெற்றெடுத்த பிள்ளைகள் அவர்கள். "இந்தக் குழந்தைகளையா ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்கிறீர்கள்?" என்று யாரும் வாய்விட்டுக் கேட்கத் தேவையே இருக்கவில்லை.

சரி, சண்டை எதைப் பற்றி?

[திரையில்: நுண்ணோக்கியில் ஐந்து நாள் கரு]

சோதனைக் குழாயில் உருவான கரு ஐந்தாம் நாளில் நூற்றுச் சொச்சம் செல்கள் கொண்ட ஒரு உருண்டை. அதன் உள்ளே ஒட்டியிருக்கும் சிறு கொத்தைப் பிரித்து வளர்த்தால் உடலின் எந்தத் திசுவாகவும் மாறக்கூடிய செல்கள் கிடைக்கும். இவைதான் கரு ஸ்டெம் செல்கள். 1998இல் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கருவில் இதைச் செய்து காட்டினார். பிரித்தெடுத்தால் கரு அழிந்துவிடும். சிக்கலே அங்குதான்.

முதிர் ஸ்டெம் செல் நம் உடலிலேயே இருப்பது. ரத்தப் புற்றுநோய்க்குச் செய்கிற எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை அதை நம்பித்தான் நடக்கிறது; அதை உருவாக்கிய டானல் தாமஸுக்கு 1990இல் நோபல் பரிசு கிடைத்தது. எந்தக் கருவும் அழிவதில்லை. ஆனால் மஜ்ஜையில் இருக்கும் ஸ்டெம் செல் ரத்தத்தை உண்டாக்கும். நரம்பையும் இன்சுலின் சுரக்கும் செல்லையும் அதனிடம் கேட்டால் வராது.

2001 ஆகஸ்ட் 9 அன்று புஷ் ஒரு கோடு போட்டார். அன்றுவரை உருவான கரு செல் வரிசைகளுக்கு (ஒரு கருவிலிருந்து எடுத்து ஆய்வகத்தில் தொடர்ந்து பெருக்கிவரும் செல்களுக்கு) மட்டும் அரசுப் பணம். அதற்குப் பிறகு உருவானவற்றுக்குக் கிடையாது. அறுபதுக்கு மேல் இருப்பதாகச் சொன்னார்கள். ஆய்வாளர்கள் கைக்கு வந்தவை இருபத்தொன்றுதான். தனியார் பணத்தில் புதிய வரிசைகளை வளர்த்தவர்கள் தனி அறை, தனி நுண்ணோக்கி, தனி ஃப்ரீசர் என்று வைத்துக்கொண்டார்கள். எது யார் பணத்தில் வாங்கியது என்று தெரிய ஸ்டிக்கர் ஒட்டிய ஆய்வகங்களும் இருந்தன.

[திரையில்: நீளமான நோய்ப் பட்டியல்]

இனி தலைப்பில் சொன்ன 65, 9 கணக்குக்கு வருவோம். கரு ஆய்வை எதிர்த்த டேவிட் பிரென்டிஸ், முதிர் ஸ்டெம் செல்லால் பலன் கிடைக்கும் நோய்கள் என்று 65ஐ வரிசைப்படுத்தியிருந்தார். நாடாளுமன்ற விவாதம் வரை அது போனது. வீட்டோ நடந்த அதே மாதம் மூன்று விஞ்ஞானிகள் பட்டியலின் மேற்கோள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து 'சயின்ஸ்' இதழுக்குக் கடிதம் எழுதினார்கள். எல்லாக் கட்டச் சோதனைகளையும் தாண்டி அனுமதி பெற்ற சிகிச்சை 9 நோய்களுக்கு மட்டுமே இருக்கிறது என்றார்கள். விதைப்பை புற்றுநோய்க்குக் காட்டியிருந்த கட்டுரை செல்களைப் பிரித்தெடுக்கும் முறைகளை ஒப்பிடுகிறது. நோயாளி குணமானாரா என்ற பேச்சே அதில் இல்லை. பார்க்கின்சனுக்கு முக்கிய ஆதாரம், ஒரு நோயாளியும் அவருடைய மருத்துவரும் நாடாளுமன்றக் குழு முன் சொன்ன சாட்சியம்!

"அனுமதி பெற்றவை என்று நான் சொல்லவில்லை, பலன் தெரிந்தவை என்றேன்" என்ற தோரணையில் பிரென்டிஸ் பதில் சொன்னார். இருக்கலாம். ஆனால் தொலைக்காட்சி பார்க்கிறவர் காதில் 'பலன் தெரிந்தது' என்பது 'குணமாகும்' என்றுதானே விழும்?

கரு ஆய்வை ஆதரித்த எதிர்த்தரப்பும் சளைத்ததல்ல. 2004 தேர்தலில், புஷ்ஷை எதிர்த்து நின்ற ஜான் கெர்ரி அதிபரானால், விபத்தில் உடல் செயலிழந்த 'சூப்பர்மேன்' நடிகர் கிறிஸ்டோபர் ரீவ் போன்றவர்கள் சக்கர நாற்காலியை விட்டு எழுந்து நடப்பார்கள் என்று துணை அதிபர் வேட்பாளர் ஜான் எட்வர்ட்ஸ் பேசினார். ரீவ் இறந்த மறுநாள் பேசிய பேச்சு அது. தென் கொரியாவின் ஹ்வாங் வூ-சுக், குளோனிங் முறையில் மனிதக் கரு செல்களை எடுத்துவிட்டதாக வெளியிட்ட கட்டுரைகள் மோசடி என்று அம்பலமாகி 2006 ஜனவரியில் திரும்பப் பெறப்பட்டன. முதிர் செல் பக்கமும் ஒரு அடி காத்திருந்தது. மஜ்ஜை செல் ஏறக்குறைய எதுவாகவும் மாறும் என்று 2002இல் 'நேச்சர்' இதழில் வந்த புகழ்பெற்ற கட்டுரையை 2024இல், அதாவது 22 ஆண்டு கழித்து, அந்த இதழ் திரும்பப் பெற்றது.

என் பார்வையில், ஐந்து நாள் கருவை மனித உயிராக மதிக்க வேண்டுமா என்பது நியாயமான கேள்வி. வேண்டும் என்று நினைப்பவருக்கு 9 ஆனாலும் 65 ஆனாலும் பதில் மாறாது. அப்புறம் எதற்கு அந்தப் பட்டியல்? அறக் கேள்வியை அறக் கேள்வியாகவே பேசாமல், "அதைவிட இதுதான் நன்றாக வேலை செய்கிறது" என்று சுற்றிவளைத்ததில் ஏமாந்தது நோயாளிகள்தான்.

[திரையில்: கியோட்டோ பல்கலைக்கழகம்]

2006இல் ஷின்யா யமனாகா, எலியின் சாதாரண செல்லில் நான்கு மரபணுக்களைச் செலுத்தி அதைக் கரு ஸ்டெம் செல்லைப் போல மாற்றினார். அடுத்த ஆண்டே மனிதத் தோல் செல்லிலும் அது நடந்தது. கருவை அழிக்கத் தேவையில்லை என்பதால் 'சண்டை முடிந்தது' என்று செய்திகள் வந்தன. ஆனால் அந்த நான்கும் வந்தது 24 மரபணுக்கள் கொண்ட பட்டியலிலிருந்து. கரு செல் ஆய்வில் கற்றதை வைத்துப் போட்ட பட்டியல் அது.

2025இல் வெர்டெக்ஸ் மருந்து நிறுவனத்தின் சோதனை முடிவு வந்தது. கரு செல் வரிசையிலிருந்து வளர்த்த கணையச் செல்களை முழு அளவில் பெற்ற டைப் 1 நீரிழிவு நோயாளிகள் 12 பேரில் 10 பேர் ஓராண்டுக்குப் பின் இன்சுலின் ஊசி இல்லாமல் இருந்தார்கள். ஆனால் உடல் அந்தச் செல்களை நிராகரிக்காமலிருக்க, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தை விடாமல் எடுத்துக்கொள்ள வேண்டும்.

2001இல் புஷ் போட்ட நிதிக் கட்டுப்பாட்டை 2009இல் ஒபாமா நீக்கினார். கருவை அழிக்கும் வேலைக்கு அரசுப் பணம் கூடாது என்ற 1996ஆம் ஆண்டின் டிக்கி-விக்கர் தடையை மட்டும் அவரால் தொட முடியவில்லை. அமெரிக்க நாடாளுமன்றம் அதை ஆண்டுதோறும் பட்ஜெட்டில் புதுப்பித்துக்கொண்டேதான் வந்திருக்கிறது.