சிங்கத்தைவிடச் சரளைச் சாலைக்குப் பயப்படுங்கள்

நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

தெற்கு ஆப்பிரிக்க நாடுகளில் முதுகுப்பையோடு சுற்றிவிட்டு வந்தவனிடம் எல்லோரும் முதலில் கேட்பது, "சிங்கம் பார்த்தீங்களா? பயமா இல்லையா?" என்பதுதான். பார்த்தேன். வண்டிக்குள் உட்கார்ந்து, வழிகாட்டியின் பேச்சைக் கேட்டு நடக்கிறவனுக்குச் சிங்கத்தால் வரும் ஆபத்து மிகக் குறைவு. நான் இன்று பேச வந்தது வேறு ஆபத்துகளைப் பற்றி. இருட்டிய பிறகு சாலை, இறங்கிக் குளிக்கச் சொல்லும் ஏரி, சாயங்காலமானால் இழுத்து மூடப்படும் எல்லைக் கதவு. சிக்கனமாகப் பயணம் போகிறவர்களுக்கு வரும் சங்கடங்களில் பெரும்பகுதி இங்கேதான் காத்திருக்கிறது. ஆனால் இதெல்லாம் அந்த ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் வாய் திறந்து கேட்டால் பாதிச் சங்கடம் வராமலே போய்விடும். எனக்கு நேர்ந்தவற்றை வைத்தே இதைச் சொல்கிறேன்.

முதலில் வண்டி. ஜாம்பியா, மலாவி, ஜிம்பாப்வே என்று எங்கே போனாலும் சாதாரண மக்களின் வாகனம் மினிபஸ்தான். மொசாம்பிக்கில் சாப்பா என்பார்கள், போட்ஸ்வானாவில் கோம்பி. கிளம்பும் நேரம் என்று ஒன்று இருக்காது. சீட்டு நிரம்பினால் கிளம்பும். அதனால் விடியற்காலை நாலு மணிக்கே சனங்கள் மூட்டை முடிச்சோடு வந்து இடம் பிடித்துவிடுகிறார்கள். இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. இரவில் அந்தச் சாலைகளில் மாடும் கழுதையும் படுத்துக் கிடக்கும், பழுதான லாரி பின்விளக்கு இல்லாமல் நிற்கும். போட்ஸ்வானாவில் நாட்டாவிலிருந்து கசானே போகும் சாலையில் யானையே குறுக்கே நடக்கும். கிட்ட வரும்வரை ஹெட்லைட் வெளிச்சத்தில்கூட அது தெரியாது.

ஜாம்பியாவில் பயணிகள் பேருந்து இரவு நேரத்தில் ஓடக் கூடாது என்று 2016இல் விதியே கொண்டுவந்தார்கள். அந்த விதி என்ன செய்யும் என்பதை ஒரு தடவை நேரிலேயே பார்த்தேன். நாங்கள் வந்த பஸ் நடுவழியில் பழுதாகி, சரிசெய்து கிளம்புவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அடுத்த சிறு நகரத்தில் டிரைவர் வண்டியை ஓரம் கட்டி எஞ்சினை அணைத்தார். விடியும்வரை அங்கேதான். யாரும் சத்தம் போடவில்லை. பெண்கள் இடுப்பில் சுற்றும் சிட்டெங்கே துணிகளைப் பைகளிலிருந்து எடுத்துக் குழந்தைகளுக்குப் போர்த்தினார்கள். எனக்குப் பின்னால் இருந்த அம்மா ஒரு துணியை என் பக்கமும் நீட்டினார். அவித்த மக்காச்சோளம் வரிசை வரிசையாகக் கைமாறி வந்தது. என் திட்டத்தில் ஒரு நாள் போனது உண்மை. ஆனால் அந்தச் சாலையில் இரவில் போயிருக்க வேண்டும் என்று இன்றுவரை எனக்குத் தோன்றியதில்லை.

தென்னாப்பிரிக்காவின் மினிபஸ் டாக்சிகளில் பெரும்பாலும் கண்டக்டர் கிடையாது. பின்வரிசைக்காரர் தன் வரிசையின் காசை வாங்கி முன்வரிசைக்குக் கொடுப்பார், அது அப்படியே முன்னால் போகும். டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்தான் எல்லாவற்றையும் எண்ணி மீதிச் சில்லறையைத் திருப்பி அனுப்ப வேண்டும். மனக்கணக்கில் நம்பிக்கை இல்லாதவர்கள் முன் சீட்டில் ஏற வேண்டாம். மொத்த வண்டியும் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும்.

அடுத்து எல்லை. ஜாம்பியாவுக்கும் போட்ஸ்வானாவுக்கும் நடுவே கசுங்குலா என்ற இடத்தில் சாம்பேசி ஆறு ஓடுகிறது. முன்பெல்லாம் அங்கே மிதவைப் படகுதான். லாரிகள் நாள்கணக்கில் கரையில் காத்துக் கிடக்கும். 2003இல் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய லாரி ஒன்றால் மிதவை கவிழ்ந்து 18 பேர் மூழ்கிப் போனார்கள். 2021 மே மாதம் 923 மீட்டர் நீளப் பாலம் திறந்த பிறகு நிலைமை மாறியது. அந்தப் பாலம் வளைந்து போகும். நேராகக் கட்டினால் ஜிம்பாப்வே மண்ணைத் தொட வேண்டும் என்பதால் வளைத்துக் கட்டினார்கள். நான்கு நாடுகள் வந்து நெருங்கும் இடம் அது. உலகத்தில் இப்படி வேறோர் இடம் காண்பது அரிது, நின்று பார்த்துவிட்டுப் போங்கள்.

போட்ஸ்வானா பக்கம் இறங்கியதும் பாஸ்போர்ட்டைவிடச் செருப்புக்குத்தான் கெடுபிடி. மருந்தில் ஊறிய கால்மிதி ஒன்று தரையில் கிடக்கும், அதில் மிதித்துத்தான் உள்ளே போக வேண்டும். மாடுகளுக்கு வரும் கோமாரி நோய் உள்ளே வந்துவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. மாட்டிறைச்சி ஏற்றுமதியை நம்பியிருக்கும் நாடு. நோய் வந்தால் வெளிநாட்டுச் சந்தை அன்றைக்கே மூடிக்கொள்ளும். பைக்குள் இருக்கும் இன்னொரு ஜோடி செருப்பையும் எடுத்து அந்தக் கால்மிதியில் ஒற்றச் சொல்வார்கள், சமைக்காத இறைச்சி இருந்தால் பிடுங்கிக்கொள்வார்கள். என்னோடு வந்த நண்பருக்குச் செருப்பு பையின் அடியில். கூடாரம், துணி, பாத்திரம் எல்லாம் தரைக்கு வந்தது. திரும்பக் கட்டி முடிப்பதற்குள் வெளியே நின்ற கோம்பி நிரம்பிப் போய்விட்டது. வரிசையில் நின்ற உள்ளூர்க்காரர்கள் செருப்பைக் கையிலேயே வைத்திருந்தார்கள்.

பண விஷயம் ஒன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜிம்பாப்வேயில் 2024இல் ஜிக் என்ற புது நாணயம் வந்தாலும் அமெரிக்க டாலர் புழக்கத்தில் இருக்கிறது. கிழிந்த நோட்டை வாங்கத் தயங்குவார்கள், சில்லறையும் கிடைக்காது. ஒரு டாலர் நோட்டுகளாகக் கொஞ்சம் எடுத்துப் போங்கள். நமீபிய டாலரை நமீபியாவிலேயே செலவழித்துவிடுங்கள். தென்னாப்பிரிக்க ராண்ட் நமீபியாவில் செல்லும், நமீபிய டாலர் தென்னாப்பிரிக்காவில் செல்லாது.

விக்டோரியா நீர்வீழ்ச்சி பற்றிப் பேசாமல் விட முடியாது. ஜாம்பியா, ஜிம்பாப்வே எல்லையில் 1,700 மீட்டர் அகலத்துக்குச் சாம்பேசி ஆறு மொத்தமும் நூறு மீட்டருக்கு மேல் பள்ளத்தில் விழுகிறது. அதற்கு எதிரே 1905இல் கட்டிய இரும்புப் பாலம். அங்கிருந்து காலில் கயிறு கட்டிக் குதிக்கிற விளையாட்டு பிரசித்தம். 2011 டிசம்பர் 31 அன்று குதித்த ஓர் ஆஸ்திரேலியப் பெண்ணுக்குக் கயிறு அறுந்தது. கால்கள் கட்டியபடியே சாம்பேசியில் விழுந்து, நீந்திக் கரையேறிப் பிழைத்தார். குதிக்கிறவர்களை நான் தடுக்க மாட்டேன். எனக்கு அந்தப் பாலத்தில் நடப்பதே போதுமான சாகசம். சாரல் மழையாகக் கொட்டும், காலுக்குக் கீழே வானவில் நிற்கும்.

அங்கே கூடாரம் போட்டவர்களின் நிஜ எதிரி பபூன் குரங்கு. ஜிப்பைத் திறக்கத் தெரிந்த மிருகம். எங்கள் கூடாரத்தில் புகுந்து வாழைப்பழத்தோடு மலேரியா மாத்திரை அட்டையையும் கடித்துக் குதறிவிட்டது. நல்லவேளை, பக்கத்து நகரத்து மருந்துக் கடையில் மாத்திரை கிடைத்தது. முகாம் காவலர் ஒருவர் அப்போது சொன்ன யோசனையை நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள்: கூடாரத்துக்குள் சாப்பாடே வைக்காதீர்கள். ஜிம்பாப்வேயின் மானா பூல்ஸ் பூங்காவுக்குள் ஆரஞ்சு, எலுமிச்சை போன்ற பழங்களைக் கொண்டுபோகவே தடை. அந்த வாசனைக்கு யானை தேடி வரும். ஆற்றங்கரையில் நீர்யானைக்கும் தண்ணீருக்கும் நடுவில் நிற்கவே கூடாது. கரைக்கு மேய வந்த நீர்யானை மிரண்டால் ஆற்றைப் பார்த்துத்தான் ஓடும், வழியில் நிற்பது யாராயிருந்தாலும் அதற்கு ஒன்றுதான்.

இப்போது நமீபியா. சுமார் 8 லட்சம் சதுர கிலோமீட்டரில் 30 லட்சம் பேர்தான். பெரிய சாலைகளை விட்டால் மிச்சமெல்லாம் சரளை. அந்தச் சரளையில் தகரக் கூரை மாதிரி வரிவரியாக மேடு பள்ளம் விழுந்திருக்கும். வேகமாகப் போனால் அதிர்வு குறைவதுபோல் தோன்றும், அங்கேதான் ஆபத்து. வளைவில் வண்டி வழுக்கிக் கவிழ்ந்துவிடும். வாடகை வண்டிக்காரர்கள் பெரும்பாலும் 80 கிலோமீட்டருக்கு மேல் போகாதே என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகிறார்கள்.

சொலிட்டேர் என்ற சிற்றூருக்கும், மணல் மேடுகளுக்கு வாசலான செஸ்ரியத்துக்கும் நடுவே எங்கள் டயரின் பக்கவாட்டைக் கூர்மையான கல் ஒன்று கிழித்தது. மதிய வெயில். ஸ்டெப்னி இருந்தது, ஜாக்கி இருந்தது. ஆனால் ஜாக்கியைச் சுற்றச் சுற்ற வண்டி மேலே ஏறவில்லை, ஜாக்கிதான் சரளைக்குள் புதைந்தது. சுற்றிலும் ஒரு மரமில்லை, போனில் சிக்னல் இல்லை. நெடுநேரம் கழித்துத் தொடுவானத்தில் ஒரு புழுதித் திரள் எழுந்தது. அது வண்டியாக உருத்திரண்டு எங்களிடம் வந்து நிற்க வெகுநேரம் ஆனது. பழைய பிக்கப்பிலிருந்து வயதான பண்ணைக்காரர் ஒருவர் இறங்கினார். டயரை அவர் பார்க்கவே இல்லை. முதலில் கேட்டது, "தண்ணீர் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?" கேனைக் காட்டிய பிறகுதான் டயர் பக்கம் வந்தார். தன் வண்டியிலிருந்து ஒரு கனமான பலகைத் துண்டை எடுத்து ஜாக்கிக்கு அடியில் வைத்தார். கால் மணி நேரத்தில் டயர் மாறியது. அப்புறம் விரலை நீட்டி எங்கள் வண்டியைத் திருப்பச் சொன்னார். ஸ்டெப்னி இல்லாமல் மேலே ஒரு கிலோமீட்டர்கூடப் போகாதே, சொலிட்டேருக்குப் போய்க் கிழிந்ததைச் சரிசெய்துகொண்டு வா என்றார். அந்த ஊரில் பெட்ரோல் பங்க்கும் டயர் கடையும் உண்டு. வண்டி நின்றுவிட்டால் விட்டுவிட்டு நடக்கக் கூடாது, நிற்கிற வண்டியைப் பார்த்தால் தாண்டிப் போகக் கூடாது. அந்தப் பாலைவனத்தில் எல்லோரும் காக்கிற ஒழுங்கு இது. அதை நம்பித்தான் அங்கே வண்டி ஓட்டுகிறார்கள்.

இதனால் சூரிய உதயத்தில் மணல் மேட்டில் ஏறுவது எங்களுக்குத் தவறிப்போனது. ஆனாலும் டெட்விலெய் என்ற காய்ந்த களிமண் பள்ளத்தைப் பார்த்தோம். வெள்ளைக் களிமண் தரையில், சுமார் 600, 700 ஆண்டுகளுக்கு முன் பட்டுப்போன மரங்கள் கறுத்து நிற்கின்றன. மக்குவதற்கு வேண்டிய ஈரம்கூட அந்தக் காற்றில் இல்லை.

கடைசியாக மலாவி ஏரி. நான் மிகவும் அழுத்திச் சொல்ல நினைப்பது இதைத்தான். ஏரியில் 1951இல் இலாலா என்ற கப்பல் ஓடத் தொடங்கியது. லிகோமா தீவில் கப்பல் ஆழத்தில் நங்கூரம் போடும், அங்கிருந்து சிறு படகில் கரைக்கு வர வேண்டும். முதுகில் குழந்தையைக் கட்டிய பெண்கள், கோழி, மாவு மூட்டை, நம் பை எல்லாம் ஏணி வழியே ஆடுகிற படகுக்குள் இறங்கும். கப்பல் பல மணி நேரம் தாமதமாவது சகஜம். சனங்கள் கரையிலேயே படுத்துத் தூங்கிக் காத்திருப்பார்கள்.

அந்தத் தண்ணீர் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும், யாருக்கும் குதிக்கத் தோன்றும். ஆனால் கரையோர நத்தைகளிலிருந்து வெளிவரும் பில்ஹார்சியா என்ற ஒட்டுண்ணி அதில் இருக்கிறது. தோலைத் துளைத்து உடம்புக்குள் போய்விடும், போவது தெரியாது. எங்களோடு குளித்த ஒருவருக்கு ஊர் திரும்பி மாதங்கள் கழித்துச் சிறுநீரில் ரத்தம் வந்தது. கல்லடைப்பு என்று நினைத்து ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுத்தார்கள். ஏரியில் குளித்த விஷயத்தை அவர் சொன்ன பிறகே சரியான பரிசோதனை நடந்தது. பிராசிகுவான்டல் என்ற மாத்திரையில் குணமாகிவிட்டது. குளித்த உடனே பரிசோதித்தால் தெரியாது, சில வாரங்கள் கழித்துத்தான் தெரியும். மலேரியாவும் திரும்பி வந்த பின் காய்ச்சலாகத் தலைகாட்டலாம். தயவுசெய்து, டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே "ஆப்பிரிக்கா போய் வந்தேன்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வரி உயிரைக் காப்பாற்றும்.

சாப்பாட்டுக்குக் கவலைப்பட வேண்டாம். மக்காச்சோள மாவுக் களி எங்கும் உண்டு. மலாவியில் ந்சிமா, ஜிம்பாப்வேயில் சட்ஸா, தென்னாப்பிரிக்காவில் பாப். கீரையும் பீன்ஸும் வைத்துச் சாப்பிட்டால் சைவக்காரர்களும் சமாளிக்கலாம். டர்பன் போனால் ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றித் தரும் 'பன்னி சௌ' (bunny chow) கிடைக்கும். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் கிளம்பி, நவம்பரில் அங்கே இறங்கிக் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்களின் வாரிசுகள் வாழும் ஊர் அது. அங்கே காரத்துக்குக் குறைவில்லை.

மே முதல் அக்டோபர் வரை மழையில்லாத காலம், போக அதுவே நல்லது. ஜூன், ஜூலையில் பாலைவன இரவு நடுக்கிவிடும், கம்பளி ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் முறை போகிறவர்கள் ஜாம்பியாவின் லிவிங்ஸ்டனில் தொடங்கலாம். கசுங்குலா பாலம் தாண்டிக் கசானே, அங்கிருந்து போட்ஸ்வானாவிலேயே மவுன், அப்புறம் நமீபியாவின் தலைநகர் விண்ட்ஹோக். விசா விதிகள் அடிக்கடி மாறுவதால் கிளம்பும் மாதத்தில் தூதரகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வரைபடத்தைக் கொண்டு வந்திருக்கிறேன், மேசையில் விரித்து வைக்கிறேன். கேள்வி இருப்பவர்கள் அங்கே வாருங்கள், பேசலாம். நன்றி, வணக்கம்.